வேண்டாம் என்று எழுதியவன்

...மூன்று மூச்சா நான்கு மூச்சா என்றுதான் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை, நேற்றுக் காலை இதே முற்றத்தில், இதே படிகளுக்கு மேலே நின்று அரியணை மறுப்பை வாசித்துக்கொண்டிருந்த ஹெங் இளவரசர் என் வரி வந்ததும் நிறுத்தியது, மூன்று என்றால் கண்ணில் தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அப்பா செத்து இருபத்தாறு நாளே ஆன மகனுக்குத் தொண்டை அடைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம், நான்கு என்றால் முடியாது, நான்கு மூச்சு என்பது ஒரு மனிதர் எதையோ அடையாளம் கண்டுகொள்ள எடுக்கும் நேரம்... நானூறு அதிகாரிகள் மண்டியிட்டிருந்தார்கள், அதில் ஒருவராவது எண்ணியிருப்பாரா, எண்ணியிருந்தாலும் யாரைப் போய்க் கேட்பது, ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது, அது நான் அந்த மறுப்பில் திருட்டுத்தனமாகச் சேர்த்த வரி, அதற்காக இளவரசர் என் தலையை எடுக்கப்போகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆசை என்றா. இன்று மூன்றாவது நாள். இன்னும் சற்று நேரத்தில் என் சட்டைக் கைக்குள் இருக்கும் சுருளை எடுத்துக்கொண்டு ஒன்பது படி ஏறி அவர் முன்னால் விரித்துப் பிடிக்க வேண்டும், அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழக் காகிதம்தான் இருக்கும், அப்போது அவர் முகத்தைப் பார்த்துவிடலாம். பயமாக இருக்கிறது, அந்தப் பயத்துக்கு அடியில் இந்த ஆசையும் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று... சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி எனக்கு.

குளிர் முட்டிக்குள் ஏறுகிறது. வெள்ளைச் சணலில் தைத்த துக்க உடைக்கு உள்ளே எத்தனை பஞ்சுச் சட்டை போட்டாலும் இந்த முற்றத்துக் கற்கள் விடாது, மேலே படிந்த உறைபனி நம் உடம்புச் சூட்டில் உருகி நம் மேலேயே ஏறும். பக்கத்தில் குய் மியான், சடங்குத் துறையில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதன், தொந்திக்காரன், அவன் மனைவி கால்சட்டைக்குள் முட்டிக்கு நேராக முயல்தோல் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், முந்தாநாள் என் கையைப் பிடித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னான், துக்க காலத்தில் யாரும் தோல் அணியக் கூடாது என்று அறிக்கை எழுதி எல்லா அலுவலகத்துக்கும் அனுப்பியவனும் அவனேதான். சிரிப்பு வருகிறது... இந்த நேரத்தில் சிரிப்பு வருவது நல்லதில்லை. உதடு அசையாமல், தலை திரும்பாமல் பேசுவது எங்கள் அலுவலகங்களில் எல்லோருக்கும் கைவந்த கலை. "யோவ் பெய், இன்னிக்கு சுருளை ஏன்யா உன்னைப் புடிக்கச் சொன்னாங்க?" என்றான். எனக்கென்ன தெரியும் என்றேன். "கிழவன் லூவுக்குக் கை நடுங்குதாம். நேத்து வாசிக்கிற வரைக்கும் கல்லு மாதிரிப் புடிச்சிருந்தானேய்யா." அதைத்தான் நானும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். லூ நாற்பது வருடமாகச் சுருள் பிடிக்கிறவர், அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை, இன்று பெய் பிடிக்கட்டும் என்று இளவரசர் அரண்மனையிலிருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறார், என் பெயரைச் சொல்லி.

மேலே முதிய அமைச்சர் மனுவை வாசிக்க ஆரம்பித்துவிட்டார், குரல் கம்முகிறது, இன்னும் கால் மணி நேரம் ஓடும், ஓடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதியதும் நான்தான். மூன்று முறை கெஞ்ச வேண்டும், அதுதான் வழக்கம். முதல் நாள் கெஞ்சினால் இளவரசர் வேண்டாம் என்பார், இரண்டாம் நாள் கெஞ்சினாலும் வேண்டாம் என்பார், மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பார். ஆசைப்படுகிறவன் கையில் நாடு போய்விடக் கூடாது, ஆசை இல்லாதவனாகத் தேடிப்பிடித்து உட்காரவைக்க வேண்டும் என்று ஏதோ ஒரு காலத்தில் யாரோ நல்ல மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள், அவர்கள் எலும்பு கூட இப்போது இருக்காது, வழக்கம் மட்டும் இருக்கிறது, ஆகவே எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் வாசல்படியில் நின்று இரண்டு முறை வேண்டாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதிகாரிகளின் கெஞ்சலை எழுதுவதும் என் வேலை, இளவரசரின் மறுப்பை எழுதுவதும் என் வேலை, கேள்வியும் நானே பதிலும் நானே, ஒரே மைக்கல்லில் அரைத்த மை, காலையில் கெஞ்சி மத்தியானம் மறுத்து சாயங்காலம் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய் நூடுல்ஸ் சாப்பிட்டேன். அப்போது பழைய சக்கரவர்த்தி உயிரோடு இருந்தார் என்பது வேறு விஷயம்... வேறு விஷயம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தார், அன்றைக்கு அரைக் கிண்ணம் தினைக்கஞ்சி குடித்தார் என்று மருத்துவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள், அவர் மகன் அவருடைய அரியணையை வேண்டாம் என்று சொல்லும் காகிதம், அவர் சாவதற்கு இருபது நாள் முன்னதாகவே, காய்ந்து என் பெட்டிக்குள் இருந்தது.

முன்வரிசையில் இடப்பக்கம் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறது, யாரும் நகர்ந்து அடைக்கவில்லை, அடைக்கவும் மாட்டார்கள். துவான் இருந்த இடம். தென்மேற்கு மலைப்பக்கத்து ஆளுநர், தலைநகரத்தையே இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறவர், வழியெல்லாம் காய்ச்சலோடு வந்து சேர்ந்தவர், முதல் நாள் இளவரசர் வேண்டாம் என்று வாசித்து முடித்ததும் எல்லோரும் நெற்றியை இன்னொரு தடவை கல்லில் வைத்தபோது இவர் மட்டும் எழுந்து நின்றார். எழுந்து, கை கூப்பி, கண்ணில் நிஜமான தண்ணீரோடு சொன்னார், இளவரசரின் மனதை நாம் நோகடிக்கக் கூடாது, அவர் வேண்டாம் என்றபின் வற்புறுத்துவது பாவம், கல்லறைக் காவலில் இருக்கும் மூன்றாம் இளவரசருக்கு ஆள் அனுப்புவோம் என்று. பாவம், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மலைப்பக்கத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. மத்தியானமே தொப்பியைக் கழற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள், நேற்றுக் காலை குளிர் தாங்காமல் போய்விட்டார் என்று அறிவிப்பு வந்தது, சிறையில் என்ற சொல் அதில் இல்லை. நானூறு பேரில் என் எழுத்தை நம்பிய ஒரே ஆள் அவர். நான் எழுதியதைக் கேட்டு ஒருவர் செத்தது அது முதல் தடவை... முதல் தடவைதானா, எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் பார்த்தால்? வேண்டாம், மனுவைக் கேள், கெஞ்சலின் மூன்றாவது பத்தி ஓடுகிறது, இதை நினைப்பதற்கு அதிலிருக்கும் வரலாறு தேவலை.

ஹெங் இளவரசர் நான்காவது மகன். நான்காவது மகன் இந்தப் படிகளில் ஏற வேண்டுமானால் மூன்று பேர் விலக வேண்டும், விலகினார்கள், இரண்டாமவர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார், நன்றாக ஓடும் குதிரை, சேணத்து வார் மட்டும் அன்று அறுந்தது, மூன்றாமவர் தாத்தாவின் கல்லறையைக் காக்கப் போனவர் திரும்பவில்லை, மூத்தவருக்கு நாற்பது நாளுக்கு முன்னால், தானே தூக்கு மாட்டிக்கொள்ளச் சொல்லி, வெள்ளைப் பட்டு வந்தது, அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாதாம், அதனால் பட்டு. இதையெல்லாம் செய்தவரை நேரில் பார்க்காதவர்கள் அவர் கர்ஜிப்பார் என்று நினைக்கிறார்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வாசல் காவலாளிகள் பெயரெல்லாம் தெரியும், அவர்கள் பிள்ளைகளுக்கு அம்மை வந்தால் ஆள் அனுப்பி விசாரிப்பார், போன வசந்தத்தில் நான் பல்வலியோடு எழுதிக்கொண்டிருந்தபோது பேசாமல் ஒரு சின்னப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், பிரித்தால் கிராம்பு. அந்தக் கிராம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று நகல்களையும் அவரிடம் காட்டியபோது எல்லாவற்றையும் நின்றபடியே படித்தார், ஒரே ஒரு சொல்லில் நகம் வைத்தார், தகுதியற்றவன் என்று எழுதியிருந்தேன், ஆயிரம் வருடமாக எல்லோரும் எழுதுகிற சொல். "தகுதி இல்லேன்னு எழுதாதே பெய். பின்னால எவனாவது எடுத்துக் காட்டுவான். இன்னும் தயாராகலேன்னு எழுது." எவ்வளவு சரி, எவ்வளவு கூர்மை, நான் அவரை ரசித்தேன், அப்பாவின் சாவுக்கு முன்னால் எழுதிய காகிதத்தில் அவர் திருத்தம் செய்ததை ஓர் எழுத்துக்காரனாக ரசித்தேன்.

மூத்த இளவரசர் அப்படியில்லை, அவர் எழுதினால் பாதி வாக்கியத்தில் வேறு வேலை வந்து எழுந்து போய்விடுவார். கோஸ் ஊறுகாய் பைத்தியம், சக்கரவர்த்தியின் தலைமகன், இலையுதிர் காலம் வந்தால் வேலைக்காரர்களை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஜாடிகளில் உப்பும் கோஸும் மாற்றி மாற்றி அடுக்குவார், மேலே வைக்கும் கல்லைக் கூட ஆற்றில் தானே போய்ப் பொறுக்கி வந்தவர். போன வருடம் அவர் வீட்டு மதில் பழுதுபார்க்க ஓர் அனுமதிச் சீட்டு, அதில் முத்திரை வாங்கப் போயிருந்தேன். அவரைப் பட்டத்துக்கு உரியவராக அறிவிக்க வேண்டும் என்று அரண்மனையில் அப்போதுதான் பேச்சு கிளம்பியிருந்தது, அதனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஆசை, வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், நானே போனேன். ஓர் இலையைக் கிழித்துக் கொடுத்து உப்பு போதுமா என்று கேட்டார், போதும் என்றேன், பொய், கரித்தது. எப்படியோ பேச்சு அங்கே வந்தது, நான்தான் கொண்டுவந்திருப்பேன், அவர் ஜாடிக்குள் கையை விட்டபடியே சொன்னார். "எனக்கு அது வேண்டாம் பெய். பணிவுன்னு நெனச்சுக்காதே. ஒருத்தன் சாவுக்கு முத்திரை வச்ச கையால அப்புறம் கஞ்சிக் கிண்ணத்தை எப்படித் தூக்குறது, சொல்லு? எனக்குத் தெரியல." என்னிடம் பதில் எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன், நிஜமாகவே கேள்வியாகத்தான் கேட்டார். இருபது வருடமாக நானும் எனக்கு முன்னால் இருந்தவர்களும் எழுதிய வேண்டாம்களைப் படித்திருக்கிறேன், காதால் ஒரு வேண்டாமைக் கேட்டது அன்றுதான், கை முழுக்க உப்போடு, எந்த அலங்காரமும் இல்லாமல்.

அப்புறம் எல்லைத் தளபதிக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் அவர் வீட்டில் கிடைத்தது, அரியணைக்கு உதவி கேட்டு, முழு வாக்கியங்களில், அவர் எழுதாத மாதிரியான நல்ல நடையில்... சக்கரவர்த்தி படுக்கையில் இருந்தார், விசாரணை ஹெங் இளவரசர் கைக்குப் போயிற்று, மூத்தவரை இரண்டு வருடத்தில் போய்ப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவர் என்ன பேசினார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணை. நான் என்ன எழுதினேன்? கோஸ் ஊறுகாய் பற்றிப் பேசினார், உப்பு போதுமா என்று கேட்டார். அவ்வளவுதான். பொய் இல்லை, ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை. அவர் அரியணை வேண்டாம் என்று என்னிடம் சொன்னார் என்று எழுதியிருந்தால் நீ எப்படி அந்தப் பேச்சை எடுத்தாய், உன்னை அனுப்பியது யார் என்று கேட்டிருப்பார்கள், என் மனைவி, என் இரண்டு பெண்கள், என் வயிறு, எல்லாம் சேர்ந்து என் தூரிகையைப் பிடித்துக்கொண்டன. பதினோரு நாள் கழித்துப் பட்டு போயிற்று. அன்றிலிருந்து நாற்பது நாளாக ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஹெங் இளவரசருக்குத் தெரியாது, அண்ணனுக்கு ஆசை இருக்கிறது என்று நினைத்துத்தான் செய்தார், நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் மூத்தவரையும் கல்லறைக் காவலுக்கு அனுப்பியிருப்பார், அங்கேயும் கோஸ் விளையும், அப்படியானால் அவரைக் கொன்றது... இந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். இப்போது மண்டியிட்டிருப்பதால் எழ முடியவில்லை.

கொன்றது நானும்தான். சரி, நினைத்தாயிற்று, வானம் இடிந்துவிடவில்லை.

அப்படியிருக்க அந்த வரியை ஏன் சேர்த்தேன் என்பதுதான் எனக்கே விளங்காதது. முந்தாநாள் மத்தியானம் இரண்டாவது மறுப்புக்கு நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன், இளவரசர் படித்து ஒப்புக்கொண்ட நகல், அப்படிக் கைவைத்தவர்களுக்கு இதுவரை என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்டால் நானே தேதி வாரியாகச் சொல்வேன். என் அறிவு மெல்லியது, என் தோள் சிறியது என்ற வழக்கமான இடம் வந்தது, வெளியே துவான் தொப்பியில்லாமல் போவது ஜன்னலில் தெரிந்தது, காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன, என்னுடைய தூரிகை அந்த வரியைத் தாண்டி, ஒருவன் சாவுக்கு முத்திரை வைத்த கையால் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்க என்னால் ஆகாது, ஆகையால் வேண்டாம் என்று எழுதியது. கோபமா? பழிவாங்கலா? அவ்வளவு தைரியசாலி நான் இல்லை. எழுதிக் கொடுக்காமல் விட்ட அறிக்கையை இப்போதாவது எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைத்தேனா, செத்தவருக்காக அவர் தம்பியிடமே, நானூறு பேர் முன்னால்? இருக்கலாம், கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை அதைவிடச் சின்னது என்று தோன்றுகிறது... அந்த வரியை அவர் வாயால் சொல்லும்போது முகம் மாறுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். தலையை வைத்துத் தாயம் ஆடுகிறவனைப் போல. பார்க்கவும் முடியவில்லை, லூவின் சுருள் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது, எனக்குக் கிடைத்தது அந்த மூன்று மூச்சோ நான்கு மூச்சோ மட்டும்தான், அதன்பிறகு அவர் முழு வரியையும், ஒரு சொல் விடாமல், அமைதியாக, நன்றாக வாசித்தார்.

வாசித்து முடித்ததும் நடந்ததுதான் வேடிக்கை. அழுதார்கள். இந்தச் சடங்கில் அழுவது என்றால் சட்டைக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு தோளைக் குலுக்குவது, அதற்கு மேல் யாரும் மெனக்கெடுவதில்லை, நேற்று நிஜமாகவே அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், போர்த்துறையைச் சேர்ந்த ஒரு முரட்டு ஆசாமி கல்லில் கையால் அடித்துக்கொண்டான். கலைந்து போகும்போது குய் என் தோளைப் பிடித்துக்கொண்டான், கண் இமையெல்லாம் ஈரம். "நெசமாவே அழுதுட்டேன்யா. மனுசன் மேல என்னென்னவோ சொல்றாங்க, உள்ளுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கே" என்றான். நான் தலையாட்டினேன். பட்டில் தொங்கிய அண்ணனின் வாய்ச்சொல்லை எடுத்து, அந்தப் பட்டை அனுப்பிய தம்பியின் வாயில் வைத்தேன், ஒரே காலையில் நானூறு பேருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, அவர் ஐந்து வருடமாக ஆள் வைத்துச் செய்ய முடியாததை நான் ஒரு வரியில் செய்துவிட்டேன். இதற்குத் தண்டனையா பரிசா, எது வந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

முதியவர் குரல் தாழ்கிறது, கடைசிப் பத்தி, வானமும் மண்ணும் காத்திருக்கின்றன என்று முடியும், முடிந்துவிட்டது. நானூறு பேரும் ஒரே குரலில் கெஞ்சினோம், நானும் கெஞ்சினேன், வாய் தானாகக் கெஞ்சுகிறது. "எந்திரி, எந்திரி, போ" என்று குய் முணுமுணுத்தான், "தடுக்கி விழுந்துடாதே." எழுந்தேன். முதல் படி, இரண்டாவது படி, என் பெண்கள் இந்நேரம் எழுந்து தலை வாரிக்கொண்டிருப்பார்கள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது, நான் இன்று திரும்பாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிடுவார்கள், நான்காவது படி, ஐந்தாவது, கல்லில் செதுக்கிய மேகங்களுக்கு நடுவில் பனி வெள்ளையாக நிற்கிறது, யாரோ விளக்குமாறால் பெருக்கி விளிம்பை மட்டும் விட்டிருக்கிறார்கள், ஒன்பது. மண்டியிட்டுச் சுருளைத் தலைக்கு மேல் தூக்கி, எழுந்து, விரித்து, அவர் மார்புக்கு நேராகப் பிடித்தேன். அருகில் பார்த்தால் அவருக்கும் மூக்கு நுனி குளிரில் சிவந்திருக்கிறது. சணல் உடையின் கழுத்து உரசி ஒரு தடிப்பு. கண் என் மேல் இல்லை, காகிதத்தில் இருந்தது, ஆகையால் தைரியமாகப் பார்த்தேன், ஒரு திருடனைப் போலப் பார்த்தேன், எங்கேயாவது ஏதாவது அசைகிறதா என்று. மூன்று நாளாக நீங்கள் படும் துன்பத்தைக் காணச் சகிக்காமல், என் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, முன்னோர்கள் இறக்கிவைத்த பாரத்தை ஏற்கிறேன் என்று வாசித்தார். இதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எங்கேயும் நிற்கவில்லை அவர்.

கீழே நெற்றிகள் கல்லில் பட்டன, பத்தாயிரம் ஆண்டுகள் வாழ்க என்று முதல் கூச்சல் எழும்பியது, மணி அடித்தார்கள், காக்கைகள் கிளம்பின, நான் சுருளைக் கீழேயிருந்து சுருட்டத் தொடங்கினேன், விரல் வழுக்கியது. அந்தச் சத்தத்துக்குள் அவர் பேசினார், உதடு அசையாமல், எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவரைப் போலவே. "நேத்து அந்த வரி. உங்கிட்டயும் சொன்னாரா?" என்றார்.

சுருட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்கிட்டயும் என்றார். தலை ஆடியது, நான் ஆட்டினேனா குளிர் ஆட்டியதா தெரியாது. இரண்டாவது கூச்சல் எழும்பியது. "எங்கிட்ட மூணு தடவை சொன்னார்" என்றார், குரலில் கோபம் இல்லை, வருத்தம் என்று சொல்லவும் என்னிடம் சாட்சியில்லை, முற்றத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மத்தியானம் வா. செத்தவங்களுக்குக் கொடுக்கிற பட்டம் அண்ணனுக்கும் கொடுக்கணும், நல்லா எழுதணும். அவர் பேச்சு உனக்கு வருது."

பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், சக்கரவர்த்திக்கு முதுகு காட்டக் கூடாது, சக்கரவர்த்தி என்று என் மனமே சொல்லப் பழகிவிட்டது பார். உயிரோடு இறங்குகிறேன். பெண்கள் தலை வாரலாம். அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, நாற்பது நாளாகத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கப் பார்த்த பாரம் இதோ இறங்கிவிட்டது, இறங்கியதும் இவ்வளவு நிம்மதியாக இருப்பதுதான் அசிங்கமாக இருக்கிறது... அண்ணன் மூன்று முறை வேண்டாம் என்றாராம். இந்த நாட்டின் வழக்கப்படி பார்த்தால் இந்தப் படிகளில் ஏற உரிமை இருந்த மனிதர் அவர் ஒருவர்தான், அதைச் சடங்குத் துறையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, தம்பி கண்டுபிடித்தார், ஆசைப்படுகிறவனை எங்காவது அனுப்பிவைக்கலாம், ஆசையே இல்லாதவனை உயிரோடு வைத்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் நாலு பேர் தேடிக்கொண்டு போவார்கள், அதனால்தானா? அல்லது அவர் நம்பவேயில்லையா, அண்ணன் முதல் தடவை சொன்னபோது இது வழக்கம் என்று நினைத்து, இரண்டாவது தடவையும் வழக்கம் என்று நினைத்து, மூன்றாவது தடவை இனி சரி என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாரா, சின்ன வயதிலிருந்து அந்தக் காதுக்குள் போன வேண்டாம்கள் எல்லாம் யார் எழுதியவை, என்னைப் போன்றவர்கள்தானே, வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள் என அந்தக் காதைப் பழக்கியது நாங்கள்தானே... இரண்டில் எது? அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்கிற ஆள் சாயங்காலத்தைப் பார்க்க மாட்டான். ஐந்தாவது படியில் குதிகால் பனியில் வழுக்கியது, கீழே குய் அண்ணாந்து பார்த்துக் கண்ணால் என்ன என்றான், மத்தியானம் அவர் முன்னால் உட்கார்ந்து மை அரைத்துக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.